முடக்குவாதத்தால் 14 மாதம் விடுப்பு: மறுபடி வேலைக்குப் போகலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு தனியார் கம்பெனியில், ஸ்டோர்ஸ் பிரிவில் ஒன்பது வருடமாக வேலை. வயது 38. ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்கிற முடக்குவாதம் வந்து 14 மாதமாக விடுப்பில் இருக்கிறீர்கள். டாக்டர் “இனிமே போகலாம்” என்கிறார். கம்பெனி ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் கேட்கிறது. மாமியார் “முழுசா குணமாகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்” என்கிறார். போகலாமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், “போய் ரெண்டு மாசத்துல மறுபடி படுத்துட்டேன்னா அப்புறம் யாரும் என்னை நம்ப மாட்டாங்க” என்று எழுதியிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. போவதில் பெரிய சிக்கல் இல்லை. போன இடத்தில் நிலைத்து நிற்பது எப்படி என்பதற்குத்தான் பதில் வேண்டும்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எம்.பி.பி.எஸ். முடித்து, தொழிற்சாலை மருத்துவர்களுக்கான ஏ.எஃப்.ஐ.ஹெச். பயிற்சி எடுத்து, பல வருடங்களாகத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிறேன். மூட்டுநோய் நிபுணர் இல்லை, வக்கீலும் இல்லை. உங்கள் மருந்தைக் கூட்டு, குறை என்று சொல்லும் இடத்தில் நான் இல்லை. சட்டம் பற்றிச் சொல்வதையும் ஒரு தொழிலாளர் சட்டம் தெரிந்தவரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நீண்ட விடுப்புக்குப் பிறகு சர்டிஃபிகேட்டைக் கையில் வைத்துக்கொண்டு வருபவர்களை முதல் நாள் பார்ப்பதும், அவர்களில் சிலரை இரண்டாவது மாதத்தில் கண்கலங்கிய முகத்தோடு மறுபடி பார்ப்பதும் என் வேலை. அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

மாமியார் சொல்வதிலிருந்தே தொடங்கலாம். முழுதாகக் குணமான பிறகு போவது என்றால் நீங்கள் போகவே போவதில்லை. இந்த நோயைக் கட்டுக்குள் வைக்கலாம். மருந்தை ஒழுங்காக எடுக்கும் பலருக்கு அது இருக்கிற சுவடே தெரியாத அளவுக்கு அடங்கவும் அடங்கும். ஆனால் அம்மை, டைஃபாய்டு மாதிரி வந்து போய்விட்ட நோயாக அது ஆகாது. இதில் சந்தேகமே இல்லை. அதேபோல, அளவான வேலையால் மூட்டு தேய்ந்துவிடும் என்ற பயத்துக்கும் ஆதாரம் இல்லை. நோய் அடங்கியிருக்கும்போது அசைவும் உடற்பயிற்சியும் நல்லதுதான். மூட்டைக் கெடுப்பது அடங்காத அழற்சி. அதனால், “வேலைக்குப் போனா மறுபடி வந்துடுமா” என்ற கேள்வியை, “நோய் இப்போது எவ்வளவு அடங்கியிருக்கிறது, இந்த வேலையில் எந்தப் பகுதி என் கைக்கு அதிகம்” என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பாதிக்கு உங்கள் டாக்டர் பதில் சொல்வார். இரண்டாவது பாதிக்கு உங்களைத் தவிர யாராலும் சொல்ல முடியாது.

முதல் பாதியில் ஒரு பொறி இருக்கிறது. ப்ரெட்னிசோலோன் போன்ற ஸ்டெராய்டு மாத்திரை அதிக அளவில் ஓடிக்கொண்டிருக்கும்போது உடம்பு சொல்வதை நம்பக் கூடாது. வலி போய்விடும், பசி எடுக்கும், ஒரு தெம்பு வரும். “டாக்டர், நான் பழைய ஆளாயிட்டேன்” என்று சிரித்துக்கொண்டே வருவார்கள். அந்தத் தெம்பில் வேலையில் சேர்ந்து, மூன்று நான்கு வாரத்தில் டாக்டர் மாத்திரையைக் குறைக்கத் தொடங்க, கை மறுபடி வீங்கி, “வேலைக்குப் போனதாலதான் வந்துச்சு” என்று வீடே தீர்ப்பு எழுதிவிடும். வேலை காரணமில்லை, குறைந்த ஸ்டெராய்டுதான் காரணம். அதனால் உங்கள் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: என் ஸ்டெராய்டு இப்போது எவ்வளவு, அதைக் குறைக்கும் திட்டம் என்ன, குறைந்த அளவில் எத்தனை வாரம் நிலையாக இருந்திருக்கிறேன்? நான் சொந்தமாக வைத்திருக்கும் கணக்கு இது: மருந்தின் அளவு இரண்டு மாதமாவது மாறாமல் இருக்க வேண்டும், ஸ்டெராய்டு நின்றிருக்க வேண்டும் அல்லது மிகக் குறைந்த அளவுக்கு வந்திருக்க வேண்டும், காலையில் விரல் மடங்காமல் பிடித்துக்கொள்ளும் நேரம் நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்புவதற்குள் முடிந்துவிட வேண்டும். இது அனுபவத்தில் வந்த கணக்கு, ஆராய்ச்சி நிரூபித்த விதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒன்று மட்டும் உறுதி: ஸ்டெராய்டை நீங்களாக ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. ஆபத்து.

அடுத்தது சர்டிஃபிகேட். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன், ஏனென்றால் பாதிப் பிரச்சினை இந்தத் தாளில்தான் பிறக்கிறது. நம் ஊர் டாக்டர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் எழுதுவார்கள். ஒன்று, “வேலைக்குத் தகுதியானவர்”. இரண்டு, “லைட் டியூட்டிக்குத் தகுதியானவர்”. முதலாவதை எழுதி வாங்கிப் போனால், அன்றைக்கே உங்களிடம் இருபது கிலோ காஸ்டிங்கைத் தூக்கச் சொன்னாலும் மறுக்க உங்கள் கையில் எதுவும் இல்லை. இரண்டாவதை எழுதி வாங்கிப் போனால், “எங்க கம்பெனியில லைட் டியூட்டின்னு ஒண்ணும் கிடையாது, முழுசா சரியானதும் வாங்க” என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஹெச்.ஆர். மேல் கோபப்பட்டுப் பயனில்லை. லைட் டியூட்டி என்றால் என்னவென்று அவருக்கு எப்படித் தெரியும்? ஸ்டோர்ஸில் உட்கார்ந்து பில் போடுவது அவர் கண்ணுக்கு லைட். வீங்கிய மணிக்கட்டோடு எட்டு மணி நேரம் கீபோர்டு தட்டுவது உங்களுக்கு லைட்டா?

பிரிட்டனில் 2010-ல் இந்தத் தாளையே மாற்றினார்கள். அதுவரை “நோயாளி” என்று மட்டும் எழுதிக் கொடுத்த இடத்தில், “இன்னின்ன மாற்றம் செய்தால் வேலை செய்யலாம்” என்று டாக்டர் குறிக்க இடம் வைத்தார்கள். படிப்படியாகத் திரும்புவது, வேலை நேரத்தை மாற்றுவது, வேலையின் தன்மையை மாற்றுவது, வேலையிடத்தில் வசதி செய்வது என்று டிக் போட நான்கு கட்டங்கள் அதில் உண்டு. நம்மிடம் அப்படி ஒரு படிவம் இல்லை. ஆனால் உங்கள் டாக்டரின் லெட்டர் பேடில் அதே விஷயத்தை எழுத எந்தத் தடையும் இல்லை. நான் எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்: “இன்ன தேதி முதல் பணியில் சேரலாம். முதல் ஆறு வாரம் ஜெனரல் ஷிஃப்ட் மட்டும். 5 கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம். இறுக்கிப் பிடித்துச் செய்யும் வேலையைத் தொடர்ந்து அரை மணி நேரத்துக்கு மேல் செய்ய வேண்டாம். இன்ன தேதியில் மறுபரிசோதனை.” எண்கள் உங்கள் கையைப் பார்த்து உங்கள் டாக்டர் போட வேண்டியவை, என் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் மறுபரிசோதனைத் தேதி மட்டும் கட்டாயம் இருக்கட்டும். முடிவு தேதி இல்லாத கட்டுப்பாடு என்றால் சூப்பர்வைசர் பயப்படுவார், “இந்த அம்மாவுக்கு ரிட்டையர் ஆகிற வரைக்கும் இப்படித்தானா” என்று. ஆறு வாரம் என்று தேதி போட்டால் அவரே ஆள் மாற்றிச் சமாளித்துக்கொள்வார். பலமுறை பார்த்திருக்கிறேன்.

இந்த மாதிரி சர்டிஃபிகேட் எழுத, உங்கள் வேலை என்ன என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும். அவருக்குத் தெரியாது. “ஸ்டோர்ஸ்” என்றால் மேசை, நாற்காலி என்று நினைத்துக்கொள்வார். டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முன் ஒரு தாளில் உங்கள் ஒரு நாளை எழுதுங்கள். லோடு வரும்போது என்ன செய்கிறீர்கள், பெட்டி பிரிக்கிறீர்களா, பிளாஸ்டிக் பட்டையை வெட்டுகிறீர்களா, பேரிங், சீல், இம்பெல்லர் எடுத்து ரேக்கில் வைப்பது யார், சரக்கு நகர்த்தும் ஹேண்ட் பேலட் வண்டியை இழுக்கிறீர்களா, ஜி.ஆர்.என். என்கிற சரக்கு வரவுச் சீட்டு எத்தனை போடுகிறீர்கள், பின் கார்டு என்கிற இருப்பு அட்டை கையால் எழுதுவதா, ஏணி ஏற வேண்டுமா. ஒவ்வொன்றுக்கும் எதிரே, இப்போது முடியும், ஏதாவது வசதியோ ஒரு கை உதவியோ இருந்தால் முடியும், இப்போதைக்கு முடியாது என்று குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் வகைதான் முக்கியம், பெரும்பாலான வேலைகள் அதில்தான் விழும். அதற்கான தீர்வும் பல நேரம் சல்லிக் காசுதான். அளவுக் கருவியைப் பிடித்துப் பார்க்கும் இன்ஸ்பெக்ஷன் வேலையில் இருந்த ஒரு பெண்ணுக்கு, கருவியின் கைப்பிடியில் ஏ.சி. குழாய்க்குச் சுற்றும் நுரைக் குழாயை மாட்டிக் கொடுத்தோம். கைப்பிடி பருமனாக இருந்தால் விரல்கள் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை, மூட்டில் விழும் அழுத்தம் குறையும். அதே தத்துவத்தில் தடித்த பேனா, கத்திக்குப் பதில் ஸ்ப்ரிங் வைத்த கத்தரி, இடுப்புயர ரேக்கில் அதிகம் போகும் சரக்கு. அடிக்கடி எடுக்கும் பேரிங் பெட்டிகளைக் கீழ்த்தட்டிலிருந்து நடுத்தட்டுக்கு மாற்ற ஒரு மத்தியானம் போதும். அதைக் கேட்க வெட்கப்படாதீர்கள். சின்னச் சின்னதாக, செலவில்லாததாகக் கேட்டால் கிடைக்கும்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் வேலை காலை எட்டரைக்குத் தொடங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். எட்டு வயதில் பெண் குழந்தை, வீட்டில் ஐந்து பேர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்கள் வேலை ஐந்து மணிக்கே தொடங்கிவிடுகிறது. இந்த நோயில் கை மிக மோசமாக இருக்கும் நேரம் தூங்கி எழுந்த முதல் ஒரு மணி நேரம். சரியாக அந்த நேரத்தில்தான் நம் வீடுகளில் ஒரு பெண் தேங்காய் துருவி, குக்கர் மூடியைத் திருகி, மாவுப் பாத்திரத்தைத் தூக்கி, யூனிஃபார்ம் துவைத்திருந்தால் அதையும் பிழிந்து போடுகிறாள். இந்த நான்கும் மணிக்கட்டுக்கும் விரல் கணுவுக்கும் மிகக் கெட்ட வேலைகள். கம்பெனியில் ஐந்து கிலோ தூக்காதே என்று நான் எழுதிக் கொடுத்து என்ன பயன், வீட்டில் ஒரு குடம் தண்ணீரே அதைவிட இரண்டு மூன்று மடங்கு? பெண்கள் திரும்பி வந்து தோற்கும் இடம் பெரும்பாலும் கம்பெனி இல்லை, அடுப்படிதான். ஆண்களுக்கு இந்த நோய் வந்தால் இந்தக் கணக்கு இல்லை, காலையில் காபி கைக்கு வந்துவிடும். பெண்களுக்குத்தான் இது ஆண்களைப் போல இரண்டு மூன்று மடங்கு வருகிறது என்பது கொடுமை.

ஆகவே ஹெச்.ஆரிடம் பேசுவதற்கு முன் வீட்டில் பேசுங்கள். “கொஞ்சம் உதவி செய்யுங்க” என்று பொதுவாகச் சொன்னால் ஒரு வாரம்தான் ஓடும். காலையில் கிரைண்டர், குக்கர், துணி, தண்ணீர் இந்த நான்கும் இனி யாருடையது என்று பெயர் சொல்லிப் பிரித்துவிடுங்கள். உங்கள் கணவர் துணி பிழிந்தால் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது. மாமியாருக்கு உங்கள் மேல் அக்கறை இருக்கிறது, அது அவர் சொன்னதிலேயே தெரிகிறது. அந்த அக்கறையைக் காலை ஆறு மணிக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். நீங்கள் கொஞ்சம் முன்னதாக எழுந்து, வெந்நீரில் கையை முக்கி, விரல்களை மெதுவாக மடக்கி நீட்டி, வேலையைத் தொடாமல் அரை மணி நேரம் இருக்க முடிந்தால் அன்றைய நாளே வேறு மாதிரிப் போகும்.

சேரும் தேதிக்கு மூன்று வாரம் முன்பிருந்தே ஒத்திகை பாருங்கள். வேலை நாளில் எழும் நேரத்தில் எழுந்து, கிளம்பி, பஸ்ஸில் ஒருநாள் கம்பெனி வாசல் வரை போய்த் திரும்புங்கள். பஸ் கம்பியைப் பிடித்து நிற்க முடிகிறதா, ஸ்கூட்டி பிரேக்கை அழுத்த முடிகிறதா என்று அப்போது தெரிந்துவிடும். அதை முதல் நாள் காலையில் தெரிந்துகொள்ளக் கூடாது. வீட்டில் மேசையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் எழுதுங்கள், கம்ப்யூட்டர் இருந்தால் தட்டுங்கள், அடுத்த வாரம் நான்கு மணி நேரம். ஒரு நோட்டில் மூன்றே விஷயம் குறியுங்கள்: காலையில் விரல் பிடித்திருந்த நேரம், சாயங்காலம் வலி எப்படி, அசதி எப்படி. வலியையும் அசதியையும் தனித்தனியாக எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த நோயில் மூட்டு அமைதியாக இருந்தும் உடம்பு துவண்டு போகும். பலருக்கு வேலையை விடவைப்பது அந்த அசதிதான். அது சோம்பல் கிடையாது. இரத்தசோகை இருக்கிறதா, தூக்கம் கெடுகிறதா, மனசு சோர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், இவை மூன்றுமே இந்த நோயோடு அதிகம் வருபவை, மூன்றுக்கும் வைத்தியம் உண்டு. மனசு விஷயத்தில் யாரிடமாவது பேச வேண்டும் போல் இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

தேதியைத் தேர்ந்தெடுப்பதிலும் கொஞ்சம் சூட்சுமம் இருக்கிறது. ஸ்டோர்ஸ்காரர் மார்ச் கடைசியில் திரும்பக் கூடாது. வருடாந்தர ஸ்டாக் எடுப்பு என்ன பாடு என்று உங்களுக்குத் தெரியும். ஏப்ரல் இரண்டாவது வாரம் போங்கள். திங்கட்கிழமைக்குப் பதில் புதன் அல்லது வியாழனில் சேருங்கள், முதல் வாரம் மூன்று நான்கு நாளில் முடிந்துவிடும். இந்த நோய்க்கு அதிகம் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை எடுப்பவர்களுக்கு அடுத்த நாள் குமட்டலும் தலைபாரமும் இருப்பது சாதாரணம். உங்களுக்கு ஞாயிறு விடுமுறை என்றால் மாத்திரையைச் சனிக்கிழமை இரவுக்கு மாற்றலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். அந்த மாத்திரை வாரத்துக்கு ஒருமுறைதான். தினசரி மாத்திரைகளோடு சேர்த்துத் தெரியாமல் தினமும் போட்டு உயிருக்கே ஆபத்தான கதைகள் உண்டு. வேலைக்குப் போகத் தொடங்கும்போது மாத்திரை போடும் நேரமெல்லாம் மாறும், குழப்பம் அப்போதுதான் வரும். அட்டையின் மேல் “சனி” என்று பேனாவால் எழுதி வைத்துவிடுங்கள்.

இனி அந்த இரண்டாவது மாதம். நான் பார்த்தவரை முதல் வாரத்தில் யாரும் விழுவதில்லை. முதல் வாரம் எல்லோரும் நாற்காலி போடுகிறார்கள், டீ வாங்கித் தருகிறார்கள். மூன்றாவது வாரத்தில் அது தணியும். அதே நேரம் உங்களுக்குள் ஒரு குற்ற உணர்ச்சி ஏறும்: 14 மாதம் என் வேலையையும் சேர்த்து இவர்கள்தானே பார்த்தார்கள் என்று. ஒரு நாள் உடம்பு நன்றாக இருக்கும், அன்றைக்கு எல்லாப் பாக்கியையும் தீர்த்துவிட வேண்டும் என்று இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வீர்கள். ஓவர்டைம் கேட்டால் மறுக்க மாட்டீர்கள். நாலு நாள் கழித்து மணிக்கட்டு வீங்கும். லீவு போட வெட்கப்பட்டு வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு இன்னும் ஒரு வாரம் ஓட்டுவீர்கள். பிறகு ஒரேயடியாக மூன்று வாரம் படுப்பீர்கள். நீங்கள் பயப்படும் அந்த “மறுபடி படுத்துட்டா” என்பது பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வருகிறது. நல்ல நாளில் கூட்டிச் செய்யாதீர்கள். ஆறு வாரத்துக்கு என்ன அளவு என்று எழுதியிருக்கிறதோ அதுதான், உடம்பு பறந்தாலும் அதுதான். இன்னொரு தவறும் இதே சமயத்தில் நடக்கும்: வேலைக்கே போயாச்சே, இனி மருந்து எதற்கு என்று மெதுவாக விட்டுவிடுவது. வலி இல்லாததற்குக் காரணமே அந்த மருந்துதான்.

நோய் திரும்பக் கிளம்பும் நாட்கள் வரத்தான் செய்யும், எவ்வளவு கவனமாக இருந்தாலும். அதற்கு முன்கூட்டியே ஒரு ஏற்பாடு பேசி வையுங்கள்: காலையில் கை வராவிட்டால் யாருக்கு எத்தனை மணிக்குள் சொல்வது, அரை நாள் வரலாமா, அன்று ரேக் வேலையை யார் பார்ப்பது, நீங்கள் பதிலுக்கு எந்தக் கணக்கு வேலையை எடுத்துக்கொள்வது. இரத்தப் பரிசோதனைக்கும் டாக்டரிடம் போவதற்கும் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு காலை நேரம் போகும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். திடீரென்று வரும் லீவைத்தான் சூப்பர்வைசர்கள் வெறுக்கிறார்கள், தெரிந்த லீவை இல்லை.

யாரிடம் எவ்வளவு சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். கம்பெனி மருத்துவரிடம் எல்லாம் சொல்லுங்கள், மருந்துப் பெயர் உட்பட. அதை அவர் வெளியே சொல்லக் கூடாது. ஹெச்.ஆருக்கு நோயின் வரலாறு தேவையில்லை, உங்களால் எதைச் செய்ய முடியும், எதை எப்போது வரை முடியாது என்பதுதான் தேவை. கூட வேலை செய்பவர்களுக்கு ஒரே ஒரு வாக்கியம் தயார் செய்துகொள்ளுங்கள். “எனக்கு மூட்டு அழற்சி, மருந்துல கட்டுக்குள்ள இருக்கு, தூக்குற வேலை மட்டும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம்னு சொல்லியிருக்காங்க.” போதும். ஸ்டெராய்டால் முகம் உப்பியிருந்தால், “நல்லா குண்டாகி வந்திருக்கீங்க, வீட்ல நல்ல ரெஸ்ட் போல” என்று நிச்சயம் ஒருவர் சொல்வார். அவருக்கு விளக்கம் சொல்ல உட்காராதீர்கள்.

சட்டம் பற்றி உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். உங்கள் சம்பளத்தை எழுதவில்லை. மாதம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு பொருந்தும் என்பது 2017 முதல் இருக்கும் வரம்பு. அதில் நோய்ப் பலன் வருடத்துக்கு 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம். காசநோய், புற்றுநோய், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு போன்ற 34 நோய்களுக்கு 80 சதவீதம் என்ற விகிதத்தில் இரண்டு வருடம் வரை நீட்டிக்க வழி உண்டு. அந்தப் பட்டியலில் முடக்குவாதத்தின் பெயர் இல்லை. நோய்ப் பலன் வாங்கும் காலத்தில் ஒருவரை வேலைநீக்கம் செய்யக் கூடாது என்று 1948-ம் வருட இ.எஸ்.ஐ. சட்டத்தில் 73-வது பிரிவு இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று பழைய சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டதால் பழைய பிரிவு எண்களைச் சொல்லிக்கொண்டு ஹெச்.ஆரிடம் வாதாடாதீர்கள், தொழிற்சங்கம் இருந்தால் அவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், பணியில் இருக்கும்போது இயலாமை வந்தவரை நீக்கக் கூடாது, வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என்ற பிரிவு அரசு நிறுவனங்களுக்குத்தான். தனியாருக்கு அது அப்படியே வராது. உங்கள் கையில் நிரந்தரமான கோணலோ செயலிழப்போ இருந்தால் மட்டும் இயலாமைச் சான்றிதழ் பற்றி யோசியுங்கள். வீக்கம் ஏறி இறங்கும் நிலையில் அதற்கு ஓடுவது வீண் அலைச்சல் என்பது என் கருத்து.

சட்டத்தைவிட அவசரமாக ஒன்று. “ராஜினாமா லெட்டர் குடுத்துடுங்க, உடம்பு சரியானதும் புதுசா எடுத்துக்கிறோம்” என்று யாராவது அன்பாகச் சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள். ஒன்பது வருட சேவை அன்றோடு முறிந்துவிடும். அனுமதியோடு எடுத்த நோய் விடுப்பு கிராஜுவிட்டி கணக்கில் சேவையை முறிக்காது. விடுப்பை நீட்டித்துக் கொடுத்த கடிதங்களுக்கெல்லாம் கம்பெனி பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி உங்களிடம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அனுமதியின்றி வராதவர் தானாகவே வேலையை விட்டதாகக் கருதப்படுவார் என்ற விதி பல கம்பெனிகளின் நிலையாணைகளில், அதாவது அவர்களின் பணி விதிகளில், இருக்கும். நடுவில் ஒரு மாதத்துக்குக் கடிதம் இல்லையென்றால், அந்தக் காலத்து மருத்துவமனைச் சீட்டுகளோடு இப்போதாவது ஒரு பதிவுத் தபால் அனுப்பிவிடுங்கள்.

சந்தேகமானவை எவை என்றும் சொல்ல வேண்டும். படிப்படியாகத் திரும்புவதை நான்கு வாரம் நடத்துவதா, பன்னிரண்டு வாரமா என்பதற்கு யாரிடமும் ஒரே விடை இல்லை. ஆறு வாரம் என்று நான் சொல்வது கம்பெனிகள் ஒத்துக்கொள்ளும் அளவு என்பதால்தான். ஏ.சி. குளிர், மழைக்காலம் இவற்றால் வலி கூடுவதாகப் பலர் சொல்கிறார்கள், அவர்கள் வலி பொய்யில்லை. ஆனால் அதனால் நோயே முற்றுகிறது என்று சொல்ல ஆதாரம் போதாது. தக்காளி, கத்தரிக்காய், புளி நிறுத்தச் சொல்வதற்கும் அப்படித்தான். இரவு ஷிஃப்ட் பற்றி என் தயக்கம் தூக்கம் கெடும் என்பதாலும், மருந்து நேரம் குழம்பும் என்பதாலும். உங்கள் கம்பெனியில் பெண்களுக்கு இரவு ஷிஃப்ட் இல்லை என்றால் அந்தப் பேச்சே வேண்டாம்.

கடைசியாக, உங்களிடம் ஒரு விவரம் தேவை. உங்கள் ஸ்டோர்ஸ் ஃபவுண்டரி ஷெட்டை ஒட்டி இருக்கிறதா? மணல் அச்சில் வார்க்கும் இடங்களில் பறக்கும் சிலிக்கா தூசிக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்பது பல நாடுகளில் பார்க்கப்பட்ட விஷயம், புகைபிடிப்பவர்களுக்கு அது இன்னும் கூடுதல். உங்களுக்கு நோய் அதனால்தான் வந்தது என்று என்னால் சொல்ல முடியாது, யாராலும் ஒரு தனி ஆளுக்கு அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் நடைமுறையில் ஒரு காரணத்துக்காக இது முக்கியம். சிலிக்கா தூசி நுரையீரலில் காசநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும். முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் பயலாஜிக் என்கிற, நோய் எதிர்ப்பு சக்தியை அடக்கும் ஊசிகளில் சிலவும் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் காசநோயைக் கிளப்பிவிடும். அந்த ஊசி தொடங்கும் முன் காசநோய்ப் பரிசோதனை எப்படியும் செய்வார்கள். அப்போது “நான் ஒன்பது வருஷம் ஃபவுண்டரி பக்கத்துல வேலை பார்த்திருக்கேன்” என்று நீங்கள் சொன்னால்தான் டாக்டருக்குத் தெரியும். ஸ்டோர்ஸ் என்று மட்டும் சொன்னால் தெரியாது. மாதக்கணக்கில் இருமல் இருந்தாலும் சொல்லுங்கள். ஷெட்டை ஒட்டித்தான் இருக்கிறது என்றால், சர்டிஃபிகேட்டில் தூக்கும் எடைக்குக் கீழே “தூசி உள்ள இடத்தில் பணி வேண்டாம்” என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அந்த ஒரு வரிக்கு மட்டும் முடிவு தேதி போட வேண்டாம்.